ஜீப் கவிழும் சத்தம்

போன மாதம் உங்கள் கேம் கம்பெனி அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தண்ணீர்ப் பாட்டில் வைத்து, பேசச் சொன்னீர்கள். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கி, "மேடம், உங்க சர்வீஸ்ல பாத்ததுலயே கஷ்டமான பக் எது?" என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் சரியான பதில் தோன்றியது. எழுதி அனுப்புகிறேன். படிப்பீர்களா, இறக்கி வைத்துக்கொண்டு மறந்துவிடுவீர்களா என்பது உங்கள் பாடு.

நான் பார்த்ததிலேயே கடினமான பிழை, வராமல் போன ஒரு சத்தம்.

முதலில் எங்கள் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்பத்தில், திராட்சை அடுக்குகிற அட்டைப்பெட்டிகளை வைத்திருந்த ஒரு கிடங்கின் மாடியில் இருந்தது எங்கள் ஸ்டுடியோ. 'கேம் ஸ்டுடியோ' என்று பலகை மாட்டிய வாரம், பாஸ்போர்ட் படம் எடுக்க ஆட்கள் மாடியேறி வந்தார்கள். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு முதலாளி இரண்டு பேருக்கு எடுத்தே கொடுத்துவிட்டார். ஸ்டுடியோ ஆவதற்கு முன் அது கம்ப்யூட்டர் சென்டர். அதற்கும் முன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். நான் மூன்றிலும் இருந்தேன். பெரிய திறமை ஒன்றுமில்லை. தட்டச்சு சொல்லிக்கொடுக்க வந்தவள், மெஷின்களைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்தபோது நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலாளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போதும் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். படித்தால் போன் போட்டுச் சண்டைக்கு வருவார். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டக்கார வீட்டுக் கடைசிப் பிள்ளை. பள்ளிக்கூட விடுமுறையில் என்னிடம் டைப்ரைட்டிங் படிக்க வந்து, இரண்டே விரலால் தட்டி, பரீட்சையில் கோட்டைவிட்டவர். பிறகு கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, அதே மாடியை எடுத்து, அதே இரண்டு விரலால் கேம் எழுத ஆரம்பித்தார். அங்கே இருந்த மற்றவர்களுக்கு அவர் அண்ணன். எனக்குத் தம்பி. நான் எல்லோருக்கும் மெகரக்கா.

என் வேலை ஆட்டத்தை விளையாடிப் பார்த்துப் பிழை பிடிப்பது. எங்கள் அத்தா உத்தமபாளையத்தில் தன் சேக்காளிகளிடம், மகள் கம்ப்யூட்டர் ஆபீஸில் டெஸ்ட் பண்ணுகிற வேலை பார்க்கிறாள் என்று பெருமையாகச் சொல்லிவைத்தார். அடுத்த வாரம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, சாப்பிடுவதற்கு முன்னால் சர்க்கரை பார்க்கணுமா, சாப்பிட்ட பிறகா என்று கேட்டார்கள்.

பட்டன் போன்களில் கலர்த் திரை வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்த நேரம் அது. உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய திரை. அதற்குள் ஓர் உலகத்தையே காட்ட வேண்டும். பெங்களூரில் ஒரு கம்பெனி இப்படிச் சின்ன கேம்களை வாங்கிப் போன்களில் போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் அனுப்பிய இரண்டை அவர்கள் ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவதும் திரும்பி வந்தால் மாடியைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்று முதலாளியின் அண்ணன்மார் அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னால் செய்கிறவர்கள். அவருக்கு ஒரு மண்வெட்டிகூட எடுத்து வைத்திருந்தார்கள் என்று கேள்வி.

அந்த மூன்றாவது ஆட்டம்தான் 'மெட்டு ஜீப்'. மெட்டு என்றால் எங்கள் பக்கத்தில் மலையேறும் பாதை.

எங்கள் பக்கத்துக் காலை நேரத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்கள். கீழே வேலைக்கு ஆட்கள். விடிந்தும் விடியாமல் ஜீப்புகள் வந்து நிற்கும். பெண்கள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். உட்கார இடம் இருக்கிறவரை உட்காருவார்கள், அப்புறம் ஒருத்தர் மடியில் ஒருத்தர், அப்புறம் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஜீப் கம்பம்மெட்டு வளைவுகளில் உறுமிக்கொண்டு ஏறும். சாயங்காலம் இறங்கும்.

தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது அதைத் தினமும் பார்த்த முதலாளிக்கு ஒரு நாள் பொறி தட்டியது. ஜீப்பை நாம் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏறிக்கொண்டே இருக்கும். வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும். பட்டனை அழுத்திச் சரிக்கட்ட வேண்டும். தவறினால் ஜீப் கவிழ்ந்து பள்ளத்தில் போகும். ஆட்டம் முடிந்தது.

நல்ல ஆட்டம், பிள்ளைகளே. அதை நான் மறுக்க மாட்டேன். எழுதும்போதே முதலாளி நாற்காலியோடு இடதுபக்கம் சாய்வார், வலதுபக்கம் சாய்வார். ஒரு தடவை நிஜமாகவே கீழே விழுந்தார்.

படம் வரைந்தவன் பாண்டி, குச்சனூர்க்காரன். அவனுக்கு வளைவுகள், மரங்கள், ஏலச்செடி எதிலும் மனசு நிற்கவில்லை. கவிழ்கிற காட்சியைத்தான் இழைத்து இழைத்து வரைந்தான். ஜீப் உருளும். பெண்கள் நாலா பக்கமும் பறப்பார்கள். தூக்குவாளிகள் தனியாகப் பறக்கும், மூடிகள் அதிலிருந்து பிரிந்து பறக்கும். ஒரு கோழியும் பறந்தது. கோழி எப்படி ஜீப்புக்குள் வந்தது என்று கேட்டேன். "வந்துருக்கும்க்கா" என்றான்.

சத்தத்துக்குத் தமிழ்ச்செல்வி. புதுப்பட்டிப் பெண். கம்ப்யூட்டர் சென்டராக இருந்தபோது படிக்க வந்து, பள்ளியில் கற்ற கீபோர்டு வாசிப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தானாகவே பழகிக்கொண்டு, எங்களோடு தங்கிவிட்டவள். அவள் ஒரு நாளைக்குப் பேசுவதை அந்தக் கால போனிலேயே பதிந்துவிடலாம், இடம் மிச்சமிருக்கும். ஆனால் கொண்டுவரும் சத்தத்தைக் கேட்க வேண்டுமே. ஜீப் முதல் கியரில் திணறுவது, டிரைவர் ஹாரனை விட்டு விட்டு அமுக்குவது, பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற அந்தக் கலகலப்பு. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் அதைக் கேட்டபோது எனக்கு ஏலக்காய் வாசம் அடித்தது. எங்கே பிடித்தாய் என்று கேட்டதற்கு, எங்கள் தெரு முனையில் என்றாள்.

எல்லாச் சத்தமும் வந்தது. கவிழ்கிற சத்தம் மட்டும் வரவில்லை.

முதலில் மைக் சரியில்லை என்றாள். மைக் மாற்றிக் கொடுத்தோம். கரண்ட் போய்ப் பதிந்தது அழிந்துவிட்டது என்றாள். கம்பத்தில் அந்தக் காரணத்தை யாரும் மறுத்துப் பேச முடியாது, ஒப்புக்கொண்டோம். பிறகு, போட்டுப் பார்த்தேன், நல்லா இல்லை என்றாள். முதலாளிக்கு எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே மருந்துதான். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னார். போட்டாள். அப்போதும் வரவில்லை.

பெங்களூர்க்காரர் மறுநாள் வருகிறார் என்று ஆனபோது முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. பாண்டியைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். பழைய எண்ணெய் டின் ஒன்று. அதற்குள் கரண்டிகள், பூட்டுகள், ஒரு சைக்கிள் பெல், என்னைக் கேட்காமல் எடுத்த என் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடி. இதையெல்லாம் போட்டுக் கட்டி, கிடங்கின் பின்கட்டுக்குள் வீசினார்கள். நான் கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிடங்குக்காரர் கட்டடமே விழுந்துவிட்டது என்று பனியனோடு வெளியே ஓடி வந்து, பிறகு எங்களைப் பார்த்துப் பேசிய பேச்சையும் மைக் பதிந்துகொண்டது. அதை மட்டும் வெட்டிவிட்டோம்.

சத்தம் என்றால் சத்தம், அப்படியொரு சத்தம். படத்தோடு சேர்த்து ஓட்டினோம். ஜீப் சாய்கிறது, கவிழ்கிறது, டின் உருள்கிறது, பாத்திரங்கள் தெறிக்கின்றன, சைக்கிள் பெல் கிணுகிணுவென்று எங்கோ பள்ளத்தில் போய் நிற்கிறது. மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பவும் ஓட்டினோம். மூன்றாவது தடவை ஓட்டும்போது செல்வி தன் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

நான் பின்னாலேயே போனேன். கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவே ஒரு கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். தன் சத்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம் என்ற கோபமா என்று கேட்டேன். அதற்கும் தலையாட்டினாள். நான் ஒரு பெட்டிக்கட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். தட்டச்சு வகுப்பில் பிள்ளைகள் அழுதாலும் இதையேதான் செய்வேன்.

பிறகு அவளே சொன்னாள். அவளுடைய அம்மா ஏலக்காய் எடுக்கப் போகிறவர். சில வருஷங்களுக்கு முன்னால் அவர் போன ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்துவிட்டது. அதில் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. இவளுடைய அம்மா வந்தார். வலது கை முழங்கையில் மடங்காமல் போயிற்று.

"விழும்போது சத்தமே கேக்கலன்னு சொல்லுவாக எங்கம்மா" என்றாள். "யாருமே கத்தலையாம். எல்லாம் அமைதியா இருந்துச்சாம். நான் எதக்கா போடுறது?"

 அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இன்னைக்கும் அதுலதாங்க்கா போயிருக்காக."

பிறகு அவளே, வேறு வேலை எங்கே இருக்கிறது, ஒரு கையால் காய் எடுக்கலாம், கொஞ்சம் நேரம் ஆகும் என்றாள். அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டாம், அது அவர்கள் வேலை, செய்துகொள்ளட்டும், தன்னை மட்டும் அந்தச் சத்தத்தைச் செய்யச் சொல்லாமல் இருந்தால் போதும் என்றாள்.

சொல்லாதே என்றாள். நான் சொன்னேன். அதற்காக அவள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கே நாலு நாள் ஆனது, அது வேறு விஷயம். இன்றைக்கு நடந்தாலும் சொல்வேன். கூட வேலை செய்கிறவர் ஒரு பாரத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு, அதைப் பிழைப்பட்டியலில் சேர்க்காதே என்றால், சேர்க்கத்தான் வேண்டும்.

முதலாளி கேட்டுவிட்டு முதலில் சொன்னது, "விளையாட்டுதானக்கா." இந்த வார்த்தையை நீங்களும் ஒரு நாள் சொல்வீர்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.  அவர் மேஜைமேல் இருந்த எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. பிறகு, "புதுப்பட்டியில அந்த ஜீப்பு எத்தன மணிக்குக் கெளம்பும்?" என்று கேட்டார். சும்மா கேட்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பெங்களூர்க்காரர் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். முதலாளி இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டால், இருட்டிலேயே வெளியே போய்விட்டார் என்றார்கள். அவர் போனுக்குப் போட்டால் தொடர்பு இல்லை. மலைமேல் சிக்னல் எடுக்காது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? நான் வந்தவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வந்தவர் நல்ல மனிதர். சென்னைப் பக்கத்துப் பையன், முப்பது வயதுகூட இருக்காது, வியர்த்து வழிந்தாலும் சிரித்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பன்னீர் திராட்சை கொடுத்தேன். இளநீர் வாங்கிக் கொடுத்தேன். இட்லி வரவழைத்தேன். ஜன்னலைத் திறந்து மலையைக் காட்டி, எது எந்த முகடு என்று தெரிந்த பெயரும் தெரியாத பெயருமாகச் சொன்னேன். டைப்ரைட்டிங் காலத்துக் கதைகூடச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மரியாதையாக, "கேமைப் பாக்கலாமா மேடம்?" என்றார்.

செல்வி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே ஏதாவது வேலை கொடுத்து அனுப்பலாமா என்று நினைத்தேன். அவளை அனுப்பினால் அவளுக்குத்தான் அது இன்னும் கஷ்டமாக இருக்கும் என்று தோன்றியது. ஆகவே என்னால் முடிந்ததைச் செய்தேன். சத்தத்தை அணைத்துவிட்டுப் போனை அவர் கையில் கொடுத்தேன்.

போன் விற்கும் கம்பெனிகளோடு பழகுகிறவர் அவர். சத்தம் எங்கே கூட்டுவது என்று அவருக்குத் தெரியாதா? முதல் வளைவிலேயே கூட்டிவிட்டார். மூன்றாவது வளைவில் ஜீப் கவிழ்ந்தது. டின் உருண்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். மறுபடியும் ஆடினார். இந்தத் தடவை வேண்டுமென்றே கவிழ்த்தார். "மேடம், இதுதான் கேம்" என்றார். பள்ளத்தை இன்னும் ஆழமாக்கலாம், எத்தனை பேர் பறக்கிறார்களோ அத்தனை பாயிண்ட் கொடுக்கலாம், கோழிக்குத் தனிப் பாயிண்ட் கொடுக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். பாண்டிக்கு முகமெல்லாம் பல். இத்தனை நாளாக எங்களை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. செல்வி கம்ப்யூட்டர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தத் திரை அணைந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் முதலாளி படியேறி வந்தார். சட்டைப் பித்தான் ஒன்று இல்லை. தலையெல்லாம் புழுதி. முழங்காலில் சேறு. பெங்களூர்க்காரர் கையைக் குலுக்கிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து, "சார், அந்தக் கவுர்றத எடுத்துடுறேன்" என்றார்.

பெங்களூர்க்காரர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நடந்ததை முதலாளி பிறகு எங்களிடம் முழுதாகச் சொன்னார். புதுப்பட்டியில் போய் நின்று ஜீப்பில் ஏறியிருக்கிறார். அவருடைய சட்டையைப் பார்த்து, எஸ்டேட்டுக்கு வந்த புதுக் கணக்குப்பிள்ளை என்று நினைத்துப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். அவர் எதிரே உட்கார்ந்த ஓர் அம்மாள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் தூக்குவாளியை அவர் மடியில் வைத்துவிட்டாராம். அவருக்கு ஒரு கை மடங்காது. கம்பியைப் பிடிக்க இன்னொரு கைதான் இருந்தது. மெட்டு ஏறி முடிகிறவரை முதலாளி அந்த வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாதி வழியில் ஜீப் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னான் டிரைவர். இவர் வாளியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க, பெண்கள் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்கள். டிரைவரை ஏசினார்கள், வண்டியை ஏசினார்கள், ஆம்பளையாப் பிறந்து வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இவரை எல்லாவற்றையும்விட அதிகமாக ஏசினார்கள்.

ஆனால் பெங்களூர்க்காரரிடம் இதையெல்லாம் அவர் சொல்லவில்லை.

"கவுர்றத எடுத்துட்டா தோக்குறது எப்படி சார்?" என்று பெங்களூர்க்காரர் கேட்டார்.

"வண்டி நின்னுரும். எறங்கித் தள்ளுவாக."

"யாரு?"

"எல்லாரும்."

வந்தவர் சிரித்தார், ஆனால் முதலில் சிரித்த சிரிப்பு இல்லை. கொஞ்சம் யோசித்தார். ஊர்க்காரர்களுக்கு ஏதோ சங்கடம் என்று ஊகித்துவிட்டார். முன்பே சொன்னேன், நல்ல மனிதர் என்று. நியாயமான ஒரு வழியும் சொன்னார். பெண்களை எடுத்துவிடலாம், குரங்குகளைப் போட்டுவிடலாம். ஊர் பெயர் வேண்டாம், ஏதோ ஒரு மலை. கவிழ்வது அப்படியே இருக்கட்டும். ஒரு வாரத்தில் மாற்றிக் கொடுத்தால் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாண்டி, "குரங்கு எனக்கு நல்லா வரும்ணே" என்றான்.

உங்களிடம் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த நிமிஷம் நான் குரங்குக்கு மனதில் சம்மதம் சொல்லிவிட்டேன். யாருக்கும் வலிக்காது, கடையும் பிழைக்கும். செல்வியும் அதைக் கேட்டுத் தலையைத் தூக்கினாள். அவளுக்கும் சரி என்றுதான் பட்டது போலிருந்தது. முதலாளி மட்டும் போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றார் கடைசியில். "அந்த ஜீப்புல நான் போயிட்டு வந்துட்டேன். இனி அதுல கொரங்க ஏத்த முடியாது."

பெங்களூர்க்காரர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மறுநாள் போனில், தங்களுக்கு இது ஒத்துவராது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து வேறு யாரோ செய்த குரங்கு ஜீப் ஆட்டம் ஒன்று போன்களில் வந்தது. நன்றாக ஓடியதாகக் கேள்வி. நானும் விளையாடிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. முதலாளி செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் முழுத் தீர்ப்பு என்னிடம் இன்றைக்கும் இல்லை. அவர் வேறு மாதிரி செய்திருக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

நீங்கள் இப்போது ஆட்டம் எழுதுவதற்கு முன்னால் ஆய்வு என்கிறீர்கள், அதற்கு ஒரு குழு வைத்திருக்கிறீர்கள், படம் போட்டுக் காட்டுகிறீர்கள். நல்லதுதான். எங்கள் முதலாளி ஆட்டம் எழுதி முடித்த பிறகு ஆய்வு செய்தார். அதனால் மொத்தத்தையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. அந்த விஷயத்தில் நீங்கள் அவரைவிடப் புத்திசாலிகள். புதிதாக எழுதியதில், வளைவில் தோற்றால் ஜீப் நின்றுவிடும். பெண்கள் இறங்கித் தள்ளுவார்கள். தள்ளிக்கொண்டே டிரைவரை ஏசுவார்கள். டிரைவர் என்றால் விளையாடுகிறவர். முதலாளி தன் அண்ணன்மாரிடம் போய், திராட்சைக் கொடி கவாத்து வெட்டி முடிகிறவரை தோட்டத்தில் காலையில் வேலை பார்க்கிறேன், மத்தியானம் மாடியைக் கொடுங்கள் என்று பேசிவிட்டு வந்தார். பாண்டி மட்டும் சென்னைக்குப் போய்விட்டான். போகும் முன் தள்ளுகிற காட்சியை முழுதாக வரைந்து கொடுத்துவிட்டுத்தான் போனான். கோழியும் தள்ளியது.

ஏச்சு வேண்டுமே. செல்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவையும் கூட வேலை செய்கிற பெண்களையும் மாடிக்குக் கூட்டி வந்தாள். எல்லோரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். மைக்கை முன்னால் வைத்து, டிரைவரை ஏசுங்கள் என்றோம். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டிரைவர் அவர்களே, வண்டியை ஒழுங்காக ஓட்டவும்" என்றார். மற்றவர்களும் அதே பாணி. எல்லோரும் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலப் பேசினார்கள். டீ கொடுத்தோம், முறுக்கு கொடுத்தோம், இன்னும் மரியாதை கூடியதே தவிர ஏச்சு வரவில்லை.

முதலாளி சும்மா சுவரில் சாய்ந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல, அந்தப் புதுப்பட்டி டிரைவர் ரொம்ப நல்லா ஓட்டுவாருங்களே என்றார்.

அவ்வளவுதான். செல்வி பட்டனை அமுக்கிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள். "யாரு, அந்த எடுபட்ட பயலா" என்று ஆரம்பித்தது. அடுத்தவர் ஏச்சிலேயே அவன் மாமனார் வீடு வரைக்கும் போனார். எங்களுக்கு வேண்டியதைப்போலப் பத்து மடங்கு கிடைத்தது. அதில் போனில் போடக்கூடியதைத் தேர்ந்தெடுக்கத்தான் ரொம்பச் சிரமம்.

அந்த ஆட்டத்தைக் கடைசியில் கோட்டயத்துக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். மெட்டுக்கு அந்தப் பக்கமும் அதே ஜீப், அதே பெண்கள், அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தமிழ் ஏச்சை அப்படியே வைத்துக்கொண்டு, மலையாளத்தில் இரண்டு சேர்த்தார். பிரமாதமாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். எங்களைத் தொடுதிரைப் போன்கள் வருகிறவரை பிழைக்க வைக்கும் அளவுக்கு ஓடியது. அதன்பின் மாடி கிடங்குக்காரருக்கே போனது. அவர் அங்கேயும் பெட்டி அடுக்கினார்.

ஆட்டம் போனில் வந்த புதிதில், செல்வியின் அம்மா ஒரு நாள் மாடியேறி வந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு எங்கோ கல்யாணத்துக்குப் போகிற வழி. முதலாளி போனை அவர் கையில் கொடுத்து, எந்தப் பட்டன் என்று காட்டினார். அவர் இடது கையால் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் அழுத்தினார். இரண்டு வளைவு ஏறியது. மூன்றாவதில் ஜீப் சாய்ந்து, நின்றது. குட்டிக் குட்டிப் பெண்கள் இறங்கித் தள்ளினார்கள். அவர் குரலே அவரை ஏசியது. அவர் சிரிக்கவில்லை. போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இவளுக எல்லாம் மேல போயிச் சேந்துருவாகளா?" என்று கேட்டார்.

"சேந்துருவாகம்மா" என்றார் முதலாளி. "எத்தன தடவ நின்னாலும் தள்ளித் தள்ளி மேல போயிருவாக. ஒருத்தரும் விட்டுப் போக மாட்டாக. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"அப்பச் சரி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று செல்வி அவசரப்படுத்தினாள். இரண்டு பேரும் படி இறங்கிப் போனார்கள். மறுநாள் விடியும்போது அந்த அம்மாள் வழக்கம்போல ஜீப்பில் ஏறி மேலே வேலைக்குப் போனார்.